பாதிச் சுருட்டு

“மூச்சு விடாதே!” என்றார் கணவர். “இப்பத்தான் அறுபத்தெட்டுக்கு வந்திருக்கு. நீ மேல ஊதி எழுபதாக்கிடாதே.”

அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். பதினான்கு நாளாகப் படுக்கையறையில் இதே பணிவிடைதான். வேளாவேளைக்கு ஈரத்துணியால் துடைப்பது, மீட்டரைப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. போன மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்ட மனிதர் இவர்.

“இன்னும் தண்ணி குடிக்குதா?”

“குடிச்சு முடிச்சாச்சு. இன்னைக்கு உள்ளே படுக்க வச்சிடலாம்.”

குடித்தது மரம். சுருட்டு காயாமல் இருக்கத் தேவதாருவில் செய்த புதுப் பெட்டி. ஹியூமிடார் என்று பெயராம். முதலில் மரத்தின் தாகத்தைத் தீர்க்காவிட்டால், அது சுருட்டின் ஈரத்தையே உறிஞ்சிவிடுமாம். குழாய்த் தண்ணீர் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்திருந்தார். ஈரப்பதம் காட்டும் மீட்டர் பொய் சொல்கிறதோ என்று அதை ஈர உப்போடு ஒரு பையில் நாள் முழுக்கக் கட்டி வைத்தார். ஈர உப்புக்கு வர வேண்டிய எழுபத்தைந்தை அது சரியாகக் காட்டிய பிறகுதான் நம்பினார். சோப்புத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக மேற்பார்வையாளர். எதையும் லேசில் நம்பமாட்டார்.

பெட்டியில் ஐம்பது சுருட்டுக்கு இடம் இருந்தது. அவரிடம் இருந்ததோ பாதிச் சுருட்டு. அதுவும் இன்னொருவர் குடித்து மிச்சம் வைத்தது.

மூன்று மாதமாகக் கண்ணாடித்தாளில் சுற்றி வைத்திருந்ததைப் பயபக்தியோடு பிரித்தார். ஒரு முனை கரி. மறு முனையில் பல் பதிந்து, எச்சில் ஊறி, பழுப்பாய்ப் பளபளத்தது. நனைந்த கோணிப்பையை மூடிவைத்துத் திறந்ததுபோல் ஒரு வாடை.

“ஏங்க, அடுத்தவன் எச்சிலை என் துணி அலமாரியிலயா வைக்கணும்?”

“அடுத்தவன் எச்சிலா? முதலாளி வாய் வச்சதுடீ! வெள்ளி விழா அன்னைக்கு, மேடைக்குப் பின்னால அவர் நாற்காலிக்குப் பக்கத்துல இருந்த ஆஷ்ட்ரேயிலிருந்து நானே எடுத்தேன். சூடுகூட ஆறலை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

“புகையிலயா?”

அவர் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டார். பற்றவைப்பதில்லை. தினம் ஒருமுறை சும்மா உதட்டில் வைத்துக் கண்ணை மூடி நிற்பார். குணம் பார்க்கிறாராம். அது ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்குத் தனி டம்ளர் என்று அவள் ஒதுக்கிவிட்டாள்.

மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. போட்டியில் இரண்டே பேர்: இவர், அப்புறம் பாய்லர்காரர். பாய்லர்காரர் பக்கத்தில் வந்தாலே இவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார். மேனேஜரானால் கம்பெனி வீடு உண்டு, அந்த வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலை நினைத்துத்தான் அவள் இந்த அசிங்கத்தையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு நாலு மணிக்கு முதலாளியே வீட்டுக்கு வருகிறார். வேறு எதற்கு வருவார்?

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்” என்றார், சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு. “அடுப்புல எதையும் பொரிச்சு வைக்காதே. முதலாளிக்குப் புகை ஆகாதாம், இருமல் வந்துடுமாம். செக்ரட்டரி போன் பண்ணிச் சொன்னார்.”

“பிஸ்கட்டுக்குப் புகை வராது” என்றாள் அவள்.

முதலாளி சரியாக நாலு மணிக்கு வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

“இவ்வளவு வருஷம் உழைச்சிருக்கீங்க. அதான், நேர்ல வந்து சொல்லிடணும்னு...”

“ஒரே நிமிஷம் சார்!”

கணவர் உள்ளே ஓடி, பெட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்து முதலாளி முகத்துக்கு நேராகத் திறந்தார். “வெள்ளி விழா அன்னைக்கு நீங்க பாதியில வச்சிட்டுப் போனது சார். அறுபத்தெட்டு குறையாம வச்சிருக்கேன். உங்க உதடு பட்டதாச்சே, தூக்கிப் போட மனசு வரலை. தினம் ஒரு தடவை நானும் வாயில வச்சுக்குவேன். ஒரு ஆசீர்வாதம் மாதிரி.”

முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த ஆளுக்கு வைத்தியம் ஏதாவது நடக்கிறதா என்று கேட்பவர்போல அவளைப் பார்த்தார். அவள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐயய்யே, மூடுங்க முதல்ல. எனக்கேதுங்க சுருட்டு? அது நம்ம பாய்லர்காரரோடது. மேடைக்குப் பின்னால ஊதிக்கிட்டு நின்னார். ‘இந்தக் கருமத்தை இன்னையோட விடுங்க, மேனேஜர் நாற்காலி உங்களுக்குத்தான்’னு நான்தான் சொன்னேன்.”

கணவர் ஒரு முறை எச்சில் விழுங்கினார். விழுங்கிய பிறகுதான் அது யாருடையது என்று யோசித்தவர்போல முகம் கோணியது.

“விட்டுட்டாரா சார்?” ஈனஸ்வரத்தில் கேட்டார்.

முதலாளி பெட்டியைச் சுட்டினார்.

“அவர் கடைசியா வாயில வச்சது அதைத்தான்.”