ஸ்விட்சில் சொருகிய தீக்குச்சி

1964, மே மாதம். சத்திரம் பக்கம் புது ஏ.சி. தியேட்டரில் முதல் மேட்னி. மொட்டை மாடியில் அபாய மணி அலறியது. சூடு மிஞ்சினால் நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்து, குளிர் மெஷின் நின்றுவிட்டது!

"ஜனங்க நாற்காலியை உடைச்சிருவாங்க பாய்! ஸ்விட்சுல தீக்குச்சியைச் சொருகிடுங்க, அப்புறம் எப்படி நிக்கும்?" என்று கத்தினார் மேனேஜர் பெரியண்ணன்.

மெக்கானிக் பரக்கத் அலி சொருகிவிட்டு, மாடிக் கதவைப் பூட்டி இறங்கினார். பாதிப் படியில் மறுபடி மணி! ஓடினார். பூட்டு பூட்டியபடி இருந்தது. குச்சி தரையில் கிடந்தது.

மறுபடி சொருகினார், பூட்டினார். மறுபடி மணி! இப்போது குச்சி இரண்டாக முறிந்து கிடந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது, மெஷின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் வால்வு, காலையில் அவரே மூடிவிட்டுத் திறக்க மறந்தது. இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் மெஷின் வெடித்திருக்கும். கீழே எண்ணூறு பேர்!

"யா அல்லாஹ்!" பாய்ந்து வால்வைத் திறந்தார்.

பக்கத்தில் கொதிக்கும் குழாய் மேல் ஐந்து விரல்களின் தடம், வெள்ளை உறைபனியில், உருகாமல் இருந்தது.