எழுமலைச் சேவல்

"ஏன் ஐரின், உங்க அண்ணன் பேசுறப்பல்லாம் அதே வார்த்தைக்கிட்ட ஒரு சேவல் கூவுதே, கவனிச்சியா?"

கப்பலூரிலிருந்து தினமும் ஹாம் ரேடியோவில் பேசும் ரோகிணி ஒருநாள் போனில் கேட்டாள். ஐரின் சிரித்து மழுப்பினாள். ஆனால் அதன்பிறகு அந்தச் சேவல் அவளை விடவில்லை.

அப்பா பெனடிக்ட் அறைந்ததில் வீட்டை விட்டுப் போனவன் அண்ணன் ஜெய்சன். பத்து நாள் தகவலே இல்லை. அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல அவர் ரேடியோவில் ஊர் ஊராக இருக்கும் ஹாம் நண்பர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் வந்தது.

"எழுமலையிலேருந்து ஜெய்சன். எல்லாருக்கும் காலை வணக்கம்."

அன்றுதான் அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஆறு மாதமாகத் தினமும் அதே இரண்டு வரி. என்ன கேட்டாலும் பதில் கிடையாது. எழுமலைக்குப் போய்த் தேடிய அப்பா வெறுங்கையோடு திரும்பினார்.

இன்றும் மணி ஏழு. மேசையோரம் பேட்டரி சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா ஆனிமேரி துணி வாளியோடு மாடிக்குப் போய்விட்டாள். "அவன் கொரலக் கேட்டா எனக்குத் தாங்காதுடி" என்பாள்.

ஐரின் தன் வாக்கிடாக்கியோடு படிக்கட்டடியில் நின்றாள். எல்லார் குரலையும் மலை மேலிருக்கும் ரிப்பீட்டர்தான் வாங்கித் திருப்பி அனுப்பும். அவள் அதை விட்டுவிட்டு, பேசுபவரின் சிக்னலை நேராகக் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி எழுமலையில் இருப்பவன் குரல் அதில் கேட்கவே கூடாது.

"எழுமலை ஜெய்சன், இருக்கியாப்பா?" என்றார் அப்பா.

அண்ணன் குரல் காதோடு பேசுவதுபோல வந்தது. கையிலிருந்த வாக்கிடாக்கியில் சேவல் கூவியது. அதே நொடி, சேவலே இல்லாத அந்த வீட்டின் மாடியிலும் கூவியது.

ஐரின் படியேறி ஓடினாள்.

அண்ணனின் அறையில், அவன் விட்டுப்போன வாக்கிடாக்கியோடு போனைச் சேர்த்துப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"போன வருசம் எழுமலைக் கல்யாணத்துக்குப் போனப்ப அவன் ரேடியோவுல பேசுனது. போன்ல பிடிச்சு வச்சிருந்தேன்."

"அப்ப அண்ணன் எங்கம்மா?"

"தெரியல." அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கப்பா சாப்பிடணும்ல. அவருகிட்ட சொல்லிப்புடாத, ஒடைஞ்சு போயிருவாரு."

வாக்கிடாக்கியை அலமாரியில் வைத்தவள், அதை ஒருமுறை தடவினாள். "இதுக்குச் சார்ஜ் போட எனக்குத் தெரியாதுடி. ஆறு மாசமா சாகல பாரு. அப்ப அவனும் எங்கயோ உசுரோடதான் இருக்கான்."

வாளியை எடுத்துக்கொண்டு அம்மா இறங்கிப் போனாள். ஐரின் கதவோரம் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் படியில் இன்னொரு காலடிச் சத்தம்.

அப்பா நேராக அலமாரியைத் திறந்து, வாக்கிடாக்கியின் பேட்டரியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். திரும்பியவர் ஐரினைப் பார்த்தார். கழற்றிய பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.