சிவப்புக் கயிறு

"ராத்திரியும் அதே கனவா?" மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டபடியே கணவன் கேட்டான்.

"அதேதான். லிஃப்ட் கதவு திறந்து கிடக்கு. உள்ள லிஃப்ட்டே இல்ல, வெறும் குழி. ஓரத்துல நின்னு பாப்பா சிவப்புக் கயித்துல ஸ்கிப்பிங் ஆடுறா. 'அம்மா, உன் கயிறு இங்க இருக்கு'ங்கிறா. கத்தலாம்னா குரலே வரல."

"அவளைப் பள்ளிக்கூடத்துல சேர்த்ததுல இருந்தே உனக்குக் கவலை. அதான் கனவா வருது. கண்டுக்காத."

இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டே வேலைப் பையைத் திறந்தவள், உள்ளே இருந்த ஒயர் துண்டுகளை எண்ணினாள். மூன்று இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன.

அரைமணி நேரத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் மொட்டைமாடி மோட்டார் அறையில் மூச்சிரைக்க நின்று லிஃப்ட்டின் மின்சாரத்தை அணைத்தாள், அந்த லிஃப்ட் மெக்கானிக். மூன்று நாளுக்கு முன் பழுது பார்த்தபோது, கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓட வேண்டும் என்று அவளே செருகிய ஒயர் துண்டு, எடுக்க மறந்து அங்கேயே இருந்தது. சிவப்பு ஒயர். நல்லவேளை, இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு போன் போட்டாள்.

"பாப்பா கிளம்பிட்டாளா? அவகிட்ட சொல்லுங்க, அம்மாவோட கயிறு கிடைச்சிடுச்சுன்னு."