உதடு ஒட்டும் சொல்

"இவர் உனக்கு என்னம்மா வேணும்?"

நோட்டரி வக்கீல் அவளைப் பார்த்துக் கேட்டதும், கடை வைத்துப் பல் செட் செய்துகொடுக்கும் பல்செட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

மற்றதெல்லாம் டைப் அடித்தாயிற்று. வெளிநாட்டில் அவள் படித்து முடிக்கும்வரை ஆகும் செலவு முழுவதும் தன் பொறுப்பு என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஸ்பான்சர் பத்திரம். உறவுமுறை என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

அவள் அம்மாவை அவர் கட்டிக்கொண்டபோது அவள் சின்னப் பெண். அன்றிலிருந்து அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு ஆறுது", "கதவு பூட்டியாச்சா" என்று சுவரிடம் பேசுவதுபோல் பேசியே வளர்ந்துவிட்டாள். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான் என்று ஆன பிறகும் அப்படியேதான்.

மரியாதைக்குக் குறைவில்லை. கூப்பிடத்தான் ஒரு சொல் இல்லை. அவருக்கு உள்ளுக்குள் ஏக்கம் உண்டு, ஆனால் கேட்டு வாங்குகிற சொல்லா அது?

"அ..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று உதடு இரண்டும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டன.

பாவம், திணறுகிறாள் என்று நினைத்தார். ஒரு காகிதத்துக்காகப் பெண்ணின் வாயைப் பிடுங்குவதா? மனசு கேட்கவில்லை. முந்திக்கொண்டார்.

"கார்டியன்னு போடுங்க சார். அது போதும்."

வக்கீல் தட்டி முடித்தார். அவள் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மனுஷனாக நடந்துகொண்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

விசா வந்தது. விமான நிலையத்தில் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, "வரேன் கார்டியன்" என்றாள். கேலி பண்ணுகிறாள் என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இன்று கடை நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் புதுப் பல் செட்டோடு உட்கார்ந்திருந்தார். செட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க, வருகிறவர்களை எல்லாம் பல்செட்டுக்காரர் இரண்டு சொல் சொல்லச் சொல்வார். உதடு இழுக்காமல் மூடுகிறதா என்று உற்றுக் கவனிப்பார்.

"அம்மா" என்றார் கண்டக்டர். உதடு மூடியிருந்தபோதும் மூக்கு வழியாக ஓசை வந்துகொண்டே இருந்தது.

"அப்பா சொல்லுங்க."

"அ..." உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. துளிச் சத்தம் இல்லை.

நோட்டரி முன்னால் அவள் உதடும் இப்படித்தான் சத்தமில்லாமல் ஒட்டியது பல்செட்டுக்காரருக்கு நினைவு வந்தது.

அங்கிள் என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டாம். அது வந்து என்று இழுப்பதற்கும் வேண்டாம். அம்மாவோட வீட்டுக்காரர் என்று சொல்ல வந்திருந்தால் மூக்கில் ஓசை கேட்டிருக்கும். ஊரில் இத்தனை பேர் வாயைப் பார்த்த மனுஷன், தன் வீட்டு வாயைக் கோட்டை விட்டுவிட்டார். அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண் கலங்கியது.

"...ப்பா" என்று முடித்தார் கண்டக்டர்.

அவரை முந்திக்கொண்டு பேச அங்கே யாரும் இல்லை.