எடைக்கு எடை அரிசி

"ஏளா விக்டோரியா, ஒனக்கு வேற சோலி இல்லையா? தங்கமான மனுஷன் மேல போய்ப் புகார் குடுத்திருக்கியே!"

குழாயடியில் ஷெர்லின் கேட்டதும் நாலு பேர் சிரித்தார்கள்.

கீழவைப்பாரில் பிடிபடும் நண்டில் பாதிக்கு மேல் பர்னபாஸ் கடைக்குத்தான் போகும். மளிகைக் கடையில் நிறுத்தால் ஐந்து கிலோ நண்டு, அவர் தராசில் ஏறியதும் நாலு கிலோ ஆகிவிடுகிறது என்று விக்டோரியா, தராசுகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளருக்கு எழுதிப் போட்டிருந்தாள்.

ஆய்வாளர் வந்தார். ஜீப்பிலிருந்து சோதனை எடைக்கற்களை இறக்கினார். இருபது கிலோவை வைத்தார். தராசு சரியாக இருபது காட்டியது. ஒரு கிராம் பிசகவில்லை.

"இந்த மாடலுக்கு அரசாங்க ஒப்புதல் இருக்கு. இந்த வருஷ முத்திரை இருக்கு. சீலும் உடையல. பிறகு என்னம்மா?"

"உள்ள ஏதோ பொத்தான் வச்சிருக்காவ சார். நீங்க வந்தா ஒரு எடை, நாங்க வந்தா ஒரு எடை காட்டுது."

ஆய்வாளர் சிரித்தார். பர்னபாஸ் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

"வெவரம் இல்லாத பொம்பளை சார். நான் மன்னிச்சு விட்டுட்டேன்."

அந்த மன்னிப்பைத்தான் விக்டோரியாவால் தாங்க முடியவில்லை. ரெண்டு வாரமாக ஊருக்கே அவள்தான் சிரிப்பு.

திருவிழாக் கொடியேற்றத்தன்று பர்னபாஸ் ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். அவர் எடைக்கு எடை அரிசி, முதியோர் இல்லத்துக்கு. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. போட்டோ எடுக்கத் தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்திருந்தது. தராசு அவர் கடையிலிருந்தே வந்தது.

"அரசாங்க முத்திரை குத்தின தராசு. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுல்லா?"

சொல்லிவிட்டு விக்டோரியாவைத் தேடிப் பார்த்தார். கூட்டமும் பார்த்துச் சிரித்தது.

இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் மூன்று, முன்கூட்டியே அடுக்கியிருந்தது. மளிகைக் கடைக்காரர் மாசானமே வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

பர்னபாஸ் ஏறி நின்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் நாலும் அகலுகிற உடம்பு. தராசு எழுபத்தைந்து காட்டியது.

"கணக்கா மூணு சிப்பம்!"

கைதட்டல். பங்குச்சாமி மாலை போட்டார்.

விக்டோரியா எழுந்தாள். "சாமி, அண்ணாச்சியை நிறுத்தாச்சி. அரிசியை நிறுக்கலையே?"

"சிப்பத்துலயே இருபத்தஞ்சுன்னு அச்சடிச்சிருக்கே, தெரியலையாளா?" பர்னபாஸ் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அதுக்கென்ன, நேர்ச்சைதானே. நிறுத்தே குடுத்துருவோம்," என்றார் சாமி.

இளவட்டங்கள் ஒரு சிப்பத்தைத் தூக்கி வைத்தார்கள்.

இருபது.

அடுத்ததும் இருபது. மூன்றாவதும் இருபது.

"அறுபதுதான் வருது. இன்னும் பதினஞ்சு கிலோ வேணுமே," என்றார் சாமி, ஒன்றும் புரியாமல்.

எல்லார் கண்ணும் மாசானம் மேல் திரும்பியது. "வயசானவங்க சோத்துலயாலே கை வைக்கே?" என்று ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

மாசானம் கையைத் தட்டிவிட்டார். "மில்லுல போட்ட தையல் அப்படியே இருக்கு, பாருங்க. இதுல ஒரு மணி கொறஞ்சாலும் நான் கடையைப் பூட்டிட்டுப் போறேன். இப்பவே ஆய்வாளருக்குப் போன் போடுதேன். அவர் கல்லைக் கொண்டாந்து இந்தத் தராசுலயே வைக்கட்டும். அதுவரைக்கும் தராசை ஒருத்தனும் தொடக் கூடாது!"

எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தார்.

பர்னபாஸ் மாலையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏலே மாசானம், ஆய்வாளர் எதுக்கு? ஒன் அரிசி சரியாத்தாம்லே இருக்கு... தராசுதான் கொறச்சுக் காட்டுது!"