சித்திக்கு வந்த அழைப்பு

அவள் அந்த அலுவலகத்தின் வலையமைப்புப் பொறியாளர். அன்று காலை பிறந்த அக்காள் மகனைக் காணத் தவித்தாள். வீடியோ அழைப்பு வரும்போதெல்லாம், அலுவலக இணையத்தைக் காவல் காக்கும் ஃபயர்வால் பெட்டி அதனை ஊடுருவலெனக் கருதித் துண்டித்தது.

"பிறந்த அன்னிக்கே உங்க அக்கா பையனத் திருடன்னு முத்திரை குத்திடுச்சேம்மா!" என்று சிரித்தார் மேலாளர்.

தடுப்பு விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள், பயனில்லை. அலுவலகத்துக்கு வரும் இணையம் முழுவதும் தன் வழியாகவே கடந்துவரும் அந்தப் பெட்டியையே அணைத்து மீண்டும் இயக்க எண்ணி, மின்கம்பியைப் பிடுங்கினாள். பெட்டியின் விளக்குகள் அவிந்தன.

அக்கணமே கணினித் திரையில் குழந்தையின் முகம் முழுமதியென எழுந்தது. "சித்தியப் பாருடா தங்கம்!" என்றாள் அக்காள். குழந்தை கொட்டாவி விட்டது, அலுவலகமே ஆர்ப்பரித்தது.

"கம்பி இன்னும் உங்க கையிலதானேம்மா இருக்கு?" என்றார் மேலாளர்.

"மெதுவாப் பேசுங்க சார், பெட்டிக்குக் கேட்டுடப்போகுது!"

குழந்தை கண்திறந்து, அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்துச் சிரித்தது.