கூலர் மாற்ற வந்தவள்

அந்தக் கம்ப்யூட்டரைக் கவிழ்க்க ஒரு சின்ன பிளாஸ்டிக் தாள் போதும் என்று கலையரசிக்குத் தெரியும். பிராசஸரைக் குளிரவைக்கும் புதுக் கூலரின் செப்பு அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த அந்தத் தாளை உரிக்காமல் மாட்டிவிட்டால், பிராசஸரின் சூடு மேலே ஏறாது. கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாக அணைந்துவிடும். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவேலின் பட்டுக் கடை மாடியில் இருந்த டிசைன் அறை அது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான், ஏழு மாதம் கண் எரிய எரிய, கட்டம் கட்டமாக ஒரு யாளி பார்டர் வரைந்தாள். ஒரு மாங்காய் புட்டாகூட ஒழுங்காகப் போடத் தெரியாத முதலாளி மாப்பிள்ளை பரசுராமன் அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.

நியாயம் கேட்டவளை மாணிக்கவேல் கடை நிறைய ஆள் இருக்கும்போது மேலும் கீழும் பார்த்தார். "கூரம் கிராமத்துல களை பறிச்சிக்கினு இருந்த ஜனம், பட்டுக்கு பார்டர் போடுதாமா?" என்றார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அவள் பேருந்து நிலையத்தருகே ஒரு சர்வீஸ் கடையில் மெக்கானிக். கேபினெட்டைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பட்டுநூல் தூசும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பழைய ஃபேன் மேல் கம்பளி மாதிரி படிந்திருந்தது.

"இன்னா சார் இது, உள்ளயே புகை போட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமையானா மூடிய கழட்டிட்டு உள்ள காட்டுவோம்மா. மாப்ளதான் சொன்னாரு, மெஷினுக்கு நல்லதுன்னு," என்றார் மாணிக்கவேல். "சாமான் எதுவா இருந்தாலும் சரி, நல்லதா போட்டுடு. இன்னிக்கி பதினோரு மணிக்கி விருதுக் கமிட்டி வருது. யாளி பார்டர் போட்டவரு அவங்க எதிர்ல ஒரு துண்டாவது வரைஞ்சி காட்டணுமாம். ரெண்டு வாட்டி வந்தாங்க, ரெண்டு வாட்டியும் சூடாயி நின்னுப்போச்சு. மூணாவது வாட்டியும் நின்னா லிஸ்ட்லருந்து பேர அடிச்சிடுவாங்கோ."

கெஞ்சாத குறையாகப் பேசினார். அன்றைக்குச் சொன்னது ஒன்றுமே அவர் நினைவில் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

படியேறி வந்த பரசுராமன் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இவள யாரு மாமா கூப்டது? பழைய ஃபேனே ஓடிக்கினுதானே இருக்குது. இப்பப் போயி இன்னாத்துக்கு நோண்டணும்?"

"சும்மா இருங்க மாப்ளே. நம்ம மானமே போவுது."

மாமனார் காபி சொல்லக் கீழே இறங்கினார். பரசுராமன் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "பழசெல்லாம் மனசுல வெச்சிக்கினு வந்திருக்கியா?"

"ஆமா சார்," என்றாள் கலையரசி. "வேற பையன அனுப்ப இருந்தாங்க. நான்தான் கேட்டு வாங்கிக்கினு வந்தேன்."

அவன் முகம் செத்துப்போனது.

பழைய கூலரைக் கழற்றி, பிராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டைப் பஞ்சால் துடைத்தெடுத்தாள். பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தாள். கூலரைக் கையில் எடுத்தவள், பரசுராமனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். பிறகு நான்கு திருகுகளையும் மாற்றி மாற்றி முடுக்கி, ஃபேன் ஒயரைச் செருகி, கேபினெட்டை மூடினாள். மூன்று வருட ஆத்திரமும் விரல் நுனியில் நின்றது.

சரியாகப் பதினோரு மணிக்குக் கமிட்டி வந்தது. தலைவி பெரியநாயகி அம்மாள் நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். கலையரசி கிளம்பவில்லை, கருவிப் பெட்டியோடு கதவோரமாக நின்றாள்.

பரசுராமன் காபி கொடுத்தான். யாளியின் பெருமையைச் சொன்னான். கோயில் கோயிலாகத் திரிந்து கண்டுபிடித்ததாகக் கதை அளந்தான். ஃபைலைத் திறந்தான், பெரிதாக்கினான், சிறிதாக்கினான். பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் கேபினெட்டைப் பார்த்தபடி இருந்தான்.

பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. மாணிக்கவேல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தார்.

"பேசனது போதும் தம்பி," என்றார் பெரியநாயகி அம்மாள். "புதுசா ஒரு யாளி தல மட்டும் போடுங்க. பாக்கறோம்."

பரசுராமனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மௌஸைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான். "சூடாயிடுச்சி போல மேடம். எந்நேரமும் நின்னுடும். இவ வேற பழைய பகைய வெச்சிக்கினு இன்னா பண்ணாளோ! இன்னொரு நாளு வெச்சிக்கலாமே..."

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். மாணிக்கவேல் அடிக்கவே வந்துவிட்டார். "அடிப்பாவி! இன்னாடி பண்ணே மெஷின?"

கலையரசி நிதானமாக உள்ளே வந்தாள். திரையின் மூலையில் தெரிந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள். நாற்பத்திரண்டு டிகிரி. அதற்கு மேல் ஏறவே இல்லை. அவளுடைய இன்னொரு கையில், கூலரிலிருந்து உரித்தெடுத்த பிளாஸ்டிக் தாள் சுருண்டு கிடந்தது.

பிறகு பரசுராமனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வரைங்க சார். இனிமே அது நிக்காது."